வால்வு கிட்டார் ஆம்ப்பில் பவர் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டதா? மாற்றினால் சரியாகுமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சிமடத்தில் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறீர்கள். மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் போன்ற வால்வுகளில் ஓடும் ஆம்ப்ளிஃபயர்), 120 வோல்ட்டுக்குச் செய்தது. ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வு ஜிஸட்34 ஒன்று, ஸ்பீக்கரை ஓட்டும் 6வி6 இரண்டு, சின்ன வால்வு 12ஏஎக்ஸ்7 மூன்று அதில் இருக்கின்றன. 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கும் ஒரு ஸ்டெப் டவுன் பெட்டி வழியாக ஏழெட்டு வருடம் நன்றாக ஓடியது. இந்த ஐப்பசி மழையில் ஒரு நாள் பியூஸ் போனது. பார்த்தவர் தடித்த பியூஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் புகை, கருகல் நாற்றம். இப்போது பைலட் விளக்குகூட எரியவில்லை. டிரான்ஸ்பார்மர் போய்விட்டது என்கிறார்களே, உண்மையா, மாற்றினால் சரியாகிவிடுமா என்பது கேள்வி.

போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதை மட்டும் மாற்றினால் சரியாகாது. பவர் டிரான்ஸ்பார்மர் இரும்பும் செம்பும் காகிதமும்தான். தேய்கிற பாகம் ஏதும் அதில் இல்லை. அளவோடு வேலை வாங்கினால் ஐம்பது வருடம் ஓடும். அது எரிந்தது என்றால் பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று அதை எரித்திருக்கிறது. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டினால் அதுவும் எரியும்.

நான் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவன். வால்வு ரேடியோவில் தொழில் படித்தேன். இலங்கை வானொலி கேட்பதற்காகவே இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு வால்வு செட் இருந்த காலத்தின் கடைசிப் பகுதி அது. அப்புறம் மைக் செட் ஆம்ப்ளிஃபயர்கள். ஒருமுறை ஏர்வாடி சந்தனக்கூடு முடிந்த கையோடு ஒரு மைக் செட்காரர் எரிந்த ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தார். மதுரையில் சொல்லிக் கட்டி வாங்கிய புது டிரான்ஸ்பார்மரை மாட்டிக் கொடுத்தேன். மறுநாளே அதே நாற்றத்தோடு திரும்பி வந்தது. மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தது. நான் அதை அளந்தே பார்க்கவில்லை. இரண்டாவது டிரான்ஸ்பார்மருக்கு என் கையிலிருந்து பணம் கொடுத்தேன். அன்றிலிருந்து இந்த வேலையை வேறு வரிசையில்தான் செய்கிறேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் உள்ளே ஃபில்டர் கண்டன்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்யாதீர்கள். பொறி பறந்து கண்டன்சரும் கெடும், கையும் சுடும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் போட்ட கிளிப் வைத்து, ஒன்றைச் சேஸிஸிலும் (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) மற்றதைக் கண்டன்சரின் பிளஸ் முனையிலும் மாட்டி அரை நிமிடம் விடுங்கள். பிறகு மீட்டரால் அளந்து சுழி வந்துவிட்டதைக் கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு கண்டன்சருக்கும் தனித்தனியாக. வெறுங்காலில் சிமென்ட் தரையில் நின்று இந்த வேலை வேண்டாம். நம் ஊர்த் தரை மழைக்காலத்தில் எப்போதும் ஈரம். ரப்பர் செருப்பு போட்டு, பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சரி, முதலில் ஆம்ப்பைத் தொடாதீர்கள். ஸ்டெப் டவுன் பெட்டியைப் பாருங்கள். எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். கடையில் கிடைக்கும் ஸ்டெப் டவுன் பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர்: ஒரே சுற்றில் நடுவே ஒரு முனை எடுத்து 110 வோல்ட் தருவார்கள். நியூட்ரல் பக்கம் இருக்கும் கீழ்ப்பாதிச் சுற்று எங்காவது விட்டுப்போனால் வெளியே கரண்ட் நின்றுவிடும் என்று நினைப்போம். நடப்பது வேறு. மேல்பாதி வழியாக 230 வோல்ட் கிட்டத்தட்ட அப்படியே வெளியே வந்துவிடும். 120 வோல்ட் ஆம்ப்புக்கு 230 கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டியை மட்டும் பிளக்கில் செருகி வெளியே என்ன வருகிறது என்று அளந்து பாருங்கள். பிறகு ஒரு 110 வோல்ட் பல்போ, 230 வோல்ட் பல்போ மாட்டி, சுமை கொடுத்தும் அளங்கள். பெட்டியை லேசாகத் தட்டும்போது முள் ஆடினால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

சுற்று ஏன் விடும்? உப்புக் காற்றுதான். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை இந்தக் காற்று அரித்ததையும், 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றதையும், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததையும் பார்த்தவர்கள் நாம். அத்தனை பெரிய இரும்புக்கே அந்தக் கதி. கால் மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் முனையில், பற்ற வைத்த இடத்தில், எனாமல் சுரண்டப்பட்டு வெறுஞ்செம்பு தெரியும். அங்கே ஈரமும் உப்பும் சேர்ந்தால் களிம்பு ஏறும், பச்சை பூக்கும், ஒரு நாள் கம்பி அற்றுவிடும். இந்த ஊரில் நான் பார்த்த பாதிக் கேஸ் சுற்று எரிந்ததல்ல, முனை அற்றதுதான். மேல் காகிதத்தைப் பக்குவமாகப் பிரித்து, களிம்பைச் சுரண்டி, புது வயர் பற்ற வைத்தால் பிழைத்துக்கொள்ளும்.

உங்கள் ஆம்ப்பில் புகையும் நாற்றமும் வந்ததால் அவ்வளவு எளிதாக முடியாது என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் நாற்றத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கருகிய ரெசிஸ்டரும் அதே போல நாறும்.

ஆம்ப்பின் பிளக்கின் இரண்டு முனைக்கும் நடுவே, சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, நல்ல பியூஸ் போட்டு ஓம் அளங்கள். கரண்டில் செருக வேண்டாம். உங்கள் அளவு ஆம்ப்பில் 120 வோல்ட் பிரைமரி (டிரான்ஸ்பார்மரில் கரண்ட் உள்ளே வரும் சுற்று) சில ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் சுவிட்ச், பியூஸ் தாங்கி, வயர், கடைசியாகப் பிரைமரி என்று வரிசையாகப் பாருங்கள். இப்போதைய டிரான்ஸ்பார்மர் சிலவற்றில் மேல் காகிதத்துக்கு அடியில் ஒரு வெப்ப பியூஸ் இருக்கும். சூடு சுமார் 130 டிகிரியைத் தாண்டினால் அறுந்துவிடும். அது அறுந்திருந்தால் ஒரு கம்பியைப் போட்டு இணைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்லுவார். செய்யாதீர்கள். அது அறுந்ததே உள்ளே எதுவோ கொதித்ததால்தான்.

ஓம் சரியாக இருந்தால் டிரான்ஸ்பார்மர் நல்லது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. பக்கத்துப் பக்கத்துச் சுற்று இரண்டு எனாமல் உருகி ஒட்டிக்கொண்டால் ஓமில் வித்தியாசமே தெரியாது. ஆனால் கரண்ட் கொடுத்ததும் அந்த ஒட்டிய சுற்றில் ஏராளமான ஆம்பியர் ஓடிக் கொதிக்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் சீரீஸ் பல்பு. ஒரு பலகையில் ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட், 60 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. இதற்கு உதவாது, இழை எரிகிற பல்புதான் வேண்டும். உங்கள் விஷயத்தில் பல்பை 230 வோல்ட் பக்கத்தில், ஸ்டெப் டவுனுக்கு முன்னால் வையுங்கள். ஸ்டெப் டவுனை மட்டும் மாட்டினால் பல்பு அணைந்தோ மிக மங்கலாகவோ நிற்க வேண்டும். அடுத்து வால்வு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆம்ப்பை மாட்டுங்கள். ஒரு கணம் மினுக்கி அடங்கினால் நல்ல அறிகுறி. முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட்.

ஷார்ட் டிரான்ஸ்பார்மருக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான் அடுத்த கேள்வி. செகண்டரி (வோல்ட் வெளியே தரும் சுற்றுகள்) வயர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றும் முன் போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள், வயருக்கு ஒரு டேப் ஒட்டி எண் எழுதுங்கள். அமெரிக்க வழக்கத்தில் பிரைமரி கறுப்பு, எச்.டி. (ஹை டென்ஷன், அதாவது அதிக வோல்ட் சுற்று) சிவப்பு, அதன் நடு முனை சிவப்பில் மஞ்சள் கோடு, ரெக்டிஃபையர் ஹீட்டர் (வால்வைச் சூடேற்றும் இழை) 5 வோல்ட் மஞ்சள், மற்ற வால்வுகளின் 6.3 வோல்ட் பச்சை. எல்லோரும் இதைப் பின்பற்றுவதில்லை, நிறத்தை மீட்டரோடு ஒத்துப் பாருங்கள். எல்லா முனையையும் தனித்தனியாக டேப் சுற்றி, மறுபடி சீரீஸ் பல்பில் போடுங்கள். இப்போது பல்பு அடங்கினால் டிரான்ஸ்பார்மர் உயிரோடு இருக்கிறது, குற்றம் வெளியே. செகண்டரியில் ஒன்றுமே மாட்டாமல் இருந்தும் பல்பு பளிச்சென்று எரிந்தால் அது முடிந்துவிட்டது, வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே சந்தேகமாக இருந்தால் நான் செய்யும் ஒரு சோதனை உண்டு. 12 வோல்ட் ஏ.சி. தரும் சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்து, அந்த 12 வோல்ட்டைப் பிரைமரிக்குக் கொடுங்கள். 120 வோல்ட் பிரைமரி என்றால் எல்லாச் செகண்டரியும் பத்தில் ஒரு பங்கு காட்டும். 325-0-325 (நடு முனையிலிருந்து பக்கத்துக்கு 325 வோல்ட்) எச்.டி. முழுவதும் 65-க்குச் சற்று மேல், பாதிக்குப் பாதி சமமாக. 6.3 வோல்ட் சுற்று 0.63 அல்லது கொஞ்சம் கூட. ஓம் அளக்கும்போது எச்.டி.யின் இரண்டு பாதியும் வேறு வேறு எண் காட்டினால் பதற வேண்டாம். வெளியே சுற்றிய பாதிக்குக் கம்பி நீளம் அதிகம். ஆனால் வோல்ட் சமமாக வர வேண்டும். இதைத் தலைகீழாக, ஹீட்டர் சுற்றில் 6 வோல்ட் கொடுத்துச் செய்யாதீர்கள். அந்தப் பக்கம் 600 வோல்ட்டுக்கு மேல் எழும்பும்.

கடைசியாக மெக்கர், அதாவது இன்சுலேஷன் சரியா என்று அளக்கும் மீட்டர். மோட்டார் காயில் கட்டும் கடையில் 500 வோல்ட் மெக்கர் இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் இரும்புக்கும் நடுவே, சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே அளந்தால் பல பத்து மெகாஓம் வர வேண்டும். ஒன்று இரண்டு மெகாஓம் என்றால் ஈரம் குடித்திருக்கிறது. ஒரு பெட்டிக்குள் 40 வாட் பல்போடு ஒரு இரவு வைத்துக் காயவிட்டு மறுபடி அளங்கள். மழைக்காலத்தில் பல செட் இதிலேயே தேறியிருக்கிறது.

டிரான்ஸ்பார்மர் போய்விட்டது என்று உறுதியானால், புதியதைத் தேடும் முன்பே எரித்தது யார் என்று பாருங்கள். ஸ்டெப் டவுனைச் சொல்லிவிட்டேன். ஜிஸட்34 ரெக்டிஃபையர் வால்வு உள்ளே ஷார்ட் ஆகலாம். அது ஷார்ட் ஆனால் ஏ.சி. நேராக ஃபில்டருக்குப் போய் இரண்டும் சேர்ந்து எச்.டி. சுற்றைக் கொல்லும். ஃபில்டர் கண்டன்சர் பதினைந்து, இருபது வருடப் பழையதென்றால் அளந்துகொண்டிருக்காமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள், 500 வோல்ட் தாங்கும் வகையாக. முதல் கண்டன்சர் பெரிதாக இருந்தால் உறுமல் குறையும் என்று சிலர் 100 மைக்ரோஃபாரட் போடுவார்கள். ஜிஸட்34-க்கு எல்லை 60. அதைத் தாண்டினால் வால்வு பொறி அடித்துச் சாகும். 6வி6 வால்வு ஏதாவது உள்ளே ஷார்ட்டா, அதன் சாக்கெட்டில் பின்களுக்கு நடுவே கறுத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். கரி படிந்த இடம் கரண்ட் கடத்தும். சாக்கெட்டை மாற்றுவதுதான் வழி. பைலட் விளக்கின் ஹோல்டர் துருப்பிடித்துச் சேஸிஸில் உரசுகிறதா என்றும் பாருங்கள், 6.3 வோல்ட் சுற்றை அது தனியாகவே எரித்துவிடும். இத்தனை பேரும் சேர்ந்தாலும் பியூஸ் சரியாக இருந்திருந்தால் டிரான்ஸ்பார்மர் தப்பியிருக்கும். தடித்த பியூஸ் போட்டுக் கொடுத்தவரைத் திட்டி இனிப் பயனில்லை, ஆனால் பியூஸ் போனால் அதே அளவில்தான் மறு பியூஸ். அதுவும் போனால் நிறுத்திவிட வேண்டும்.

இப்போது புதியது. மறுபடி 120 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வாங்க வேண்டாம். நேராக 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் பிரைமரியாக வாங்கி, ஸ்டெப் டவுன் பெட்டிக்கு விடை கொடுத்துவிடுங்கள். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த இரும்பை 50-ல் ஓட்டினால் அதே வோல்ட்டுக்கு இரும்பில் காந்தப் பாய்வு 20 சதவீதம் ஏறும். நீங்கள் கொடுத்தது 110 என்பதால் 10 சதவீதம். அத்தனை வருடமும் அது கொஞ்சம் கூடுதல் சூட்டில்தான் ஓடியிருக்கிறது.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று கணக்குப் போடலாம். 6வி6 ஒவ்வொன்றும் 0.45 ஆம்பியர் ஹீட்டர், இரண்டுக்கு 0.9. 12ஏஎக்ஸ்7 மூன்றுக்கு 0.9. பைலட் விளக்கு 0.15. மொத்தம் இரண்டு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு, 6.3 வோல்ட் 3 ஆம்பியர் கேளுங்கள். ஜிஸட்34-க்கு 5 வோல்ட் 2 ஆம்பியர். எச்.டி. பழையதில் எழுதியிருப்பதே, 325-0-325 என்றால் அதுவே, டி.சி. 120 மில்லியாம்பியர் போதும். அப்புறம் பலர் மறந்துவிடுகிற ஒன்று: 6வி6-க்கு நெகட்டிவ் பயாஸ் (வால்வின் கரண்டை அடக்கி வைக்கும் மைனஸ் வோல்ட்) எங்கிருந்து வருகிறது? சில ஆம்ப்பில் டிரான்ஸ்பார்மரிலேயே அதற்குத் தனி முனை இருக்கும். அது இல்லாத டிரான்ஸ்பார்மரை வாங்கி மாட்டினால் பயாஸ் இல்லாமல் வால்வுத் தகடு செக்கச் சிவந்துவிடும்.

வாங்குவதற்கு இரண்டு வழி. கனடாவின் ஹம்மண்ட் போன்றவர்கள் கிட்டார் ஆம்ப்புக்கென்றே செய்கிறார்கள், ஹம்மண்டின் 290 வரிசை அதுதான். வாங்கும்போது 230 வோல்ட்டும் ஏற்கும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதால் எடைக்குக் கூலி அதிகம். மற்றொன்று, இங்கேயே கட்டுவது. நான் இதைத்தான் விரும்புகிறேன், ஏனென்றால் நம் காற்றுக்குத் தக்கபடி கட்டச் சொல்லலாம். சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் ஆள் கிடைப்பார்கள், மதுரையிலும் இருக்கிறார்கள். ஸ்டெபிலைசர் கட்டுபவருக்குக் கணக்குத் தெரியும், ஆனால் 650 வோல்ட் சுற்றுக்கு அவர் பழகியிருக்க மாட்டார். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியதைச் சொல்கிறேன்.

இரும்புத் தகட்டின் நடுக்கால் 32 மில்லிமீட்டர் அகலம், தகடுகளின் அடுக்கு 45 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 14.4 சதுர சென்டிமீட்டர். 50 ஹெர்ட்ஸில், ஒரு டெஸ்லா காந்தப் பாய்வு அடர்த்திக்கு, 45-ஐப் பரப்பால் வகுத்தால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது வரும்: 3.125. பிரைமரி சுமார் 720 சுற்று, 26 கேஜ். எச்.டி.க்கு ஐந்து சதவீதம் சேர்த்து மொத்தம் சுமார் 2130 சுற்று, சரியாக நடுவில் முனை, 33 கேஜ். 6.3 வோல்ட்டுக்கு 21 சுற்று 18 கேஜ், 5 வோல்ட்டுக்கு 17 சுற்று 19 கேஜ். எச்.டி.யில் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே பாலியஸ்டர் பிலிம் வேண்டும், அள்ளிச் சுற்றக் கூடாது. பிரைமரிக்கும் எச்.டி.க்கும் நடுவே மூன்று அடுக்கு. 5 வோல்ட் சுற்றைச் சின்னது என்று அலட்சியமாக விடுவார்கள். ரெக்டிஃபையரின் முழு 400 வோல்ட்டும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும், அதற்கும் எச்.டி. போலவே காப்பு வேண்டும். எல்லாம் முடிந்ததும் முதலில் அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கிவிட்டு, சூட்டோடு வார்னிஷில் முக்கி, குமிழ் நின்ற பிறகு எடுத்து, மறுபடி சுட வைக்க வேண்டும். மேலே தூரிகையால் பூசுவது கடலோரத்தில் ஒரு வருடம் தாங்காது. வெளியே வரும் முனைகளைப் பற்ற வைத்தபின் ஃபிளக்ஸைச் சுத்தமாகத் துடைத்து அதன்மேலும் வார்னிஷ்.

மாட்டும்போது இரண்டு காரியம் சேர்த்துச் செய்யுங்கள். பழைய ஆம்ப்பில் இரண்டு பின் பிளக்கும், மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்குப் போகும் ஒரு கண்டன்சரும் இருந்தால் இரண்டையும் எடுத்துவிடுங்கள். அந்தக் கண்டன்சர் ஷார்ட் ஆனால் சேஸிஸில் 230 வோல்ட். கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக், காலுக்கடியில் ஈரத் தரை. அப்படி நிற்பவர் கோயிலில் உங்களோடு பாடும் பிள்ளைகளில் ஒருவராகவும் இருக்கலாம். மூன்று பின் வயர் போட்டு, எர்த் வயரைத் தனி போல்ட்டில், பெயின்ட் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். உங்கள் வீட்டுப் பிளக் பாயின்டில் எர்த் உண்மையாகவே வேலை செய்கிறதா என்பதையும் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பியூஸ், 120 வோல்ட்டில் 2 ஆம்பியர் இருந்த இடத்தில் 230-க்கு 1 ஆம்பியர், ஸ்லோ ப்ளோ வகை.

சீரீஸ் பல்போடு, வால்வு இல்லாமல் முதல் ஆன். செகண்டரி எல்லாம் அளங்கள்; சுமை இல்லாததால் 6.3 இருக்கும் இடத்தில் 6.8 காட்டும், பரவாயில்லை. அடுத்து ரெக்டிஃபையர் தவிர மற்ற வால்வுகளைப் போட்டு, பல்பை விலக்கி, ஹீட்டர் 6.3-க்குப் பக்கத்தில் வருகிறதா என்றும், 6வி6 கிரிட் பின்னில் நெகட்டிவ் வோல்ட் வருகிறதா என்றும் பாருங்கள். பயாஸை எச்.டி.யிலிருந்து எடுக்கும் ஆம்ப்பிலும் இப்போதே தெரிந்துவிடும். அதுவும் சரியென்றால் ஜிஸட்34-ஐப் போட்டு மறுபடி பல்போடு. ஸ்பீக்கர் மாட்டாமல் மட்டும் ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போய்விடும். கடைசியில் பயாஸ்: தகட்டில் 400 வோல்ட் என்றால் ஒரு வால்வுக்கு 21 மில்லியாம்பியர் அளவில் வையுங்கள், 12 வாட் எல்லையில் அது எழுபது சதவீதம்.

அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி கழித்து அணைத்துவிட்டு, டிரான்ஸ்பார்மர் மேல் கை வைத்துப் பாருங்கள். நன்றாகச் சுடும், ஆனால் ஐந்து எண்ணும் வரை கையை வைத்திருக்க முடிய வேண்டும். மேலே பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும். பருத்தித் துணி போதும். கச்சான் காற்றில் மணல் பறக்கும் மாதங்களிலும் மழையிலும் வாசிக்கிறீர்களோ இல்லையோ, வாரம் அரை மணி நேரம் ஆன் செய்து வையுங்கள்.

எரிந்த டிரான்ஸ்பார்மரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், தம்பி. அதன் தகடும் மூடியும் போல்ட்டுத் துளை அளவும் உங்கள் சேஸிஸுக்குச் சரியாகப் பொருந்துவது. கட்டுபவரிடம் அதையே கொடுத்து, தகட்டை அளந்து, மேலே சொன்ன கணக்கை அந்த அளவுக்கு மாற்றிப் போடச் சொல்லுங்கள். சுற்றை அவிழ்க்கும்போது எண்ணச் சொன்னால் இன்னும் நல்லது. 120 வோல்ட்டுக்கு எத்தனை சுற்று வைத்திருந்தார்கள் என்று தெரிந்தால் அதை 230-க்கும் 50 ஹெர்ட்ஸுக்கும் தக்கபடி உயர்த்திக்கொள்ளலாம்.